இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரு பெட்டியும்

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

கடிதத்தைப் படித்தேன். இதற்காகவா கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள்? போன் செய்திருந்தால் ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். அந்தப் பெண் வேண்டாம். அவ்வளவுதான்.

சரி, வந்துவிட்டீர்கள். முறையாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ‘மேற்படி பேச்சியம்மாள் தங்கள் பள்ளியில் பணிபுரிந்த காலத்தில் அவரது நடத்தை எப்படி இருந்தது, அவர் பணியிலிருந்து நீக்கப்பட்ட காரணம் என்ன.’ நல்ல கேள்வி. வேலையில் சேர்த்துவிட்டுப் பிறகு தவிப்பதைவிட இது மேல். எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் பிரமநாயகம், ஆபீஸ் கண்காணிப்பாளர். முப்பத்தோரு வருட சர்வீஸ். என் மேல் இதுவரை ஒரு மெமோ கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் தாளாளர் சௌக்கியமா? அவருடைய மகளைத்தான் எங்கள் தாளாளர் மகனுக்கு எடுத்திருக்கிறார்கள், தெரியுமல்லவா. சும்மா கேட்டேன்.

நீங்கள் தமிழாசிரியர் என்கிறீர்கள். அப்படியானால் முதலிலிருந்தே சொல்கிறேன். கம்ப்யூட்டர் என்பது ஒன்று, அதை நடத்துகிற சிஸ்டம் என்பது இன்னொன்று. வீடும் வீட்டை நடத்துகிற அம்மாவும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருபத்தைந்து கம்ப்யூட்டர்கள். இங்கே ஆபீஸில் ஒன்று, எச்.எம். அறையில் ஒன்று, தாளாளர் அறையில் ஒன்று. மீதி இருபத்திரண்டும் லேபில், பிள்ளைகளுக்கு. எல்லாமே பழசு. இருந்த சிஸ்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது, புது சிஸ்டம் இந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் ஏறாது என்று ஆகிவிட்டது. அப்போதுதான் லினக்ஸுக்கு மாறலாம் என்று பேச்சு வந்தது. லினக்ஸில் பல வகை உண்டு. அதில் ஒரு வகைக்குப் பெயர் ‘தும்பை’. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், தமிழ் எழுத்து நன்றாக வரும் என்றார்கள்.

தும்பையில் இரண்டு பதிப்பு. ஒன்று அடிப்படை. அது இலவசம், யார் வேண்டுமானாலும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று ப்ரோ. அதற்கு விலை உண்டு. அட்டைப் பெட்டியில் பென்டிரைவ் வரும். பெட்டியின் வாயில் மின்னுகிற சீல் ஒட்டியிருக்கும்.

இரண்டில் எதை எடுப்பது? நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சும்மா கொடுப்பதும் விலைக்குக் கொடுப்பதும் ஒன்றாக இருந்தால் எவன் சார் விலைக்குக் கொடுப்பான்?

பேச்சியம்மாள் அப்போது லேப் உதவியாளர். ஐந்து வருடமாகத் தற்காலிகம். வேலையில் சேர வந்த அன்றே சொன்னேன், “பேச்சியம்மாள்னு பேரை வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டருக்கு வர்றியேம்மா, அது பயந்துராதா?” என்று. சிரித்தாள். நன்றாகச் சிரிக்கிற பெண்தான். அம்மா பீடி சுற்றுகிறவள், அப்பா இல்லை. படித்ததெல்லாம் தபாலில். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் வாயை அடக்கத் தெரியவேண்டும். அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எச்.எம். அம்மாவை வைத்துக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள் சார். “உள்ள ரெண்டும் ஒண்ணுதான் சார். ப்ரோல படம் வரையிறது, பாட்டு வெட்டுறது எல்லாம் ஏற்கெனவே ஏத்தி வரும். திரையை நாலஞ்சு விதமா மாத்திக்கலாம். ஏத்தத் தெரியலைன்னா போன்ல சொல்லித் தருவாங்க. அவ்வளவுதான். அதே சாமானெல்லாம் அடிப்படையிலயும் ஒண்ணொண்ணா இலவசமா ஏத்திக்கலாம். நான் ஏத்தித் தர்றேன். வாங்க வேண்டாம் சார்.”

வாங்க வேண்டாமாம். நான் அன்று காலையில்தான் தாளாளரிடம் போய், ப்ரோ இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் நடக்காது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

“உனக்கு இலவசம்னா ரொம்பப் பிடிக்குமோ? சத்துணவுத் தட்டுல வளந்த பிள்ளைல்ல” என்றேன். எச்.எம். அம்மாவே சிரித்துவிட்டார்கள். பேச்சியம்மாளும் சிரித்தாள். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பேச்சில் யாரும் வருத்தப்பட்டது கிடையாது.

பெட்டி வந்த அன்று வெள்ளிக்கிழமை. சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவைச் சுற்றி, ஸ்டாக் பதிவேட்டில் ஏற்றி, அதோ அந்த பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். குளிக்கும்போதுகூட இடுப்பில்தான்.

மத்தியானம் அவள் வந்து நின்றாள். “சார், அந்தப் பெட்டியைத் தாங்க. ஏத்தணும்.”

“ஏத்து. பெட்டி எதுக்கு?”

“பிரிச்சு, பென்டிரைவை எடுத்தாத்தான் சார் ஏத்த முடியும்.”

“பிரிச்சா அது புதுசா? ஆய்வுக்கு வர்றவங்க ஒரிஜினலைக் காட்டுன்னா கிழிஞ்ச பெட்டியையா காட்டுறது? அந்த யுபிஎஸ்ஸைப் பாரு. ஆறு வருஷம் ஆச்சு, பாலிதீன் அப்படியே இருக்கு.”

“பிரிக்காம எப்படி சார் ப்ரோ போடுறது?”

“அது உன் வேலை. நாளைக்கு மூணு அறையிலயும் ப்ரோ ஓடணும். எப்படின்னு எனக்குத் தெரியவேண்டாம்.”

மறுநாள் மூன்று அறையிலும் ஓடியது. பார்த்தீர்களா, அழுத்திச் சொன்னால் நடக்கிறது. “சார், இதுல நான் போட்டிருக்கிறது வந்து...” என்று இழுத்தாள். “ஓடுதுல்ல? போ” என்றேன். ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே நிற்பது அவளுக்கு ஒரு வியாதி. பெட்டியின் மேலேயே ஏதாவது நம்பர் இருக்கும், டிவிக்கு ரீசார்ஜ் செய்வதுபோல நெட்டில் அடித்தால் வந்துவிடும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிப்பது என் வேலை இல்லை.

ஆனால் ப்ரோ ப்ரோதான் சார். எழுத்தின் கறுப்பே வேறு. திறந்தால் திறக்கிறது, மூடினால் மூடுகிறது. தாளாளரை லேபுக்கு அழைத்துப்போய் அடிப்படையைக் காட்டினேன். பிறகு அவர் அறைக்கு அழைத்துவந்து ப்ரோவைக் காட்டினேன். “வித்தியாசம் தெரியுதாய்யா?” என்றேன். “நல்லாத் தெரியுதே” என்றார். பெரிய மனிதர், அவருக்குக் கண் உண்டு.

பிறகு நான் ஒரு ஒழுங்கு வைத்தேன். ஆபீஸுக்கு ப்ரோ. லேபுக்கு அடிப்படை. அதை அட்டையில் எழுதி ஒவ்வொரு கம்ப்யூட்டர் மேலேயும் ஒட்டச் சொன்னேன். பேச்சியம்மாளே ஒட்டினாள். ஒட்டிவிட்டு வந்து, பிள்ளைகள் மாவட்ட ஓவியப் போட்டிக்குப் போகிறார்கள், கம்ப்யூட்டரில் வரைகிற போட்டி, படம் வரைகிற சாமானை மட்டும் லேபில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டாள்.

“இங்க வர்ற பிள்ளைகளெல்லாம் பீடி சுத்துற வீடு. அதுகளுக்கு அடிப்படை தெரிஞ்சாப் போதும். ப்ரோ எதுக்கு?”

“நானும் பீடி சுத்துற வீடுதான் சார்.”

“அதனாலதாம்மா சொல்றேன்.”

போய்விட்டாள். முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

நான்கு மாதம் கழித்து, தென்காசியிலிருந்து ஒரு நகைக்கடை முதலாளி பள்ளியைப் பார்க்க வந்தார். லேபுக்கு ஏசி போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். முதலில் தாளாளர் அறையில் உட்காரவைத்து ப்ரோவைக் காட்டினோம். இது விலை உயர்ந்த பதிப்பு, இந்த வட்டாரத்தில் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நான்தான் விளக்கினேன். பிறகு லேபுக்குப் போனோம். நான் முன்னால் போகிறேன், தாளாளர் பின்னால், முதலாளி அவருக்குப் பின்னால்.

உள்ளே இருபத்திரண்டு கம்ப்யூட்டரிலும் அதே திரை. அதே நிறம், அதே வரிசை. பிள்ளைகள் உட்கார்ந்து குளம் வரைகிறார்கள், கொக்கு வரைகிறார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ‘அடிப்படை’ என்று அட்டை.

முதலாளி கேட்டார், “என்ன அண்ணாச்சி, ஒங்க ரூம்ல இருக்கிறதும் இங்க இருக்கிறதும் ஒண்ணா இருக்கு?”

தாளாளர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, கேட்காமலே பதில் சொன்னது. “எங்க மிஸ் ஏத்தித் தந்தாங்க சார். எல்லாம் இலவசந்தான் சார்.”

முதலாளி சிரித்தார். தாளாளர் சிரிக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டேன்.

திரும்பி நடந்து வருகிற தூரம் எண்பது அடி இருக்கும். அந்த எண்பது அடியில் நான் யோசித்து முடித்தேன். பாருங்கள் சார், கணக்கு மிகவும் எளிது. ஒன்று, அவள் சொன்னது சரி. உள்ளே இரண்டும் ஒன்று. நான் தேவையில்லாததை வாங்கிய முட்டாள். அல்லது, அவள் ப்ரோவைத் திருடி லேபில் ஏற்றியிருக்கிறாள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். நான் முட்டாள் இல்லை.

அறைக்குள் போனதும் தாளாளரிடம் சொன்னேன். “அய்யா, மூணு கம்ப்யூட்டருக்கு வாங்கினதை இருபத்திரண்டுக்குத் திருட்டுத்தனமா நகல் எடுத்திருக்கா. வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மேல வழக்கு வரும்.” தாளாளர் முகம் அப்போதுதான் தெளிந்தது. தன்னை யாரும் ஏமாற்றவில்லை, தன் பொருளைத்தான் திருடிவிட்டார்கள் என்றதும் மனிதருக்கு ஒரு நிம்மதி.

விசாரணை வைத்தோம். எச்.எம். அம்மா அறையில், முறைப்படி. அவள் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்தாள். தும்பைக்காரர்களே போட்டிருக்கும் உரிமம், யாரும் நகல் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறதாம். எல்லாம் இங்கிலீஷ். “தமிழ்ப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷைக் காட்டி மிரட்டுறியா? தமிழ்ல எழுதிக் கொண்டா” என்றேன்.

கொண்டுவந்தாள் சார். இரண்டே நாளில், பதினெட்டுப் பக்கம், கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். நீங்கள் தமிழாசிரியர், பார்த்தால் நூற்றுக்கு நூறு போடுவீர்கள்.

நான் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது உன் கையெழுத்துதானே?” என்றேன்.

“ஆமா சார்.”

“நீயே எழுதினதை நீயே சாட்சியா கொண்டு வர்றியா?” என்றேன்.

எச்.எம். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக அவள் ஒன்று கேட்டாள். “சார், நான் வேற ஒண்ணும் கேக்கலை. அந்தப் பெட்டியை பீரோல இருந்து எடுத்து இந்த மேசையில ஒரு நிமிஷம் வைங்க. போதும்.” அதையே மூன்று தடவை கேட்டாள். என்ன துணிச்சல் பாருங்கள். திருட்டுப்போன பொருளைத் திருடினவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவா? முடியாது என்றேன். தாளாளரும் முடியாது என்றார்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போலீஸ் வேண்டாம் என்று சொன்னேன். இரக்கம்தான். பேனாவை எடுத்து, ‘இலவசமாகக் கிடைத்ததைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தேன்’ என்று எழுதினாள். கிழித்துப் போட்டேன். “‘திருடினேன்’னு எழுது. ஒரு வார்த்தைதானே.” மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சரி என்று விட்டுவிட்டேன். வேலையை விட்டு மட்டும்தான் அனுப்பினோம்.

போவதற்கு முன்னால் இருபத்திரண்டையும் அவள் கையாலேயே அழிக்கவைத்தேன். பிள்ளைகளைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து, பார்க்கச் சொன்னேன். ஒழுக்கம் என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும். முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவள் திரும்பி, “சார், பிள்ளைங்க வரைஞ்ச படத்தை மட்டும் எடுத்து வெச்சுக்கிறேன். ஒரு மணி நேரம் தாங்க” என்றாள்.

“திருட்டுச் சாமான்ல வரைஞ்சது எல்லாம் திருட்டுதான். அழி.”

அழித்தாள். ஒவ்வொன்றாக. அழித்துவிட்டு ஒவ்வொன்றிலும் அடிப்படையைப் புதிதாக ஏற்றினாள். அவசரப்படவில்லை, ஒன்றையும் கெடுத்து வைக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். முதலாளியிடம் ‘இலவசந்தான்’ என்று சொன்ன அந்தப் பிள்ளை, மாவட்டப் போட்டிக்குத் தேர்வானதும் அதுதான், சுவரோரம் நின்று அழுதது. “உங்க மிஸ்ஸைக் கேளு” என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டாவதை முடித்து, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அனுபவச் சான்றிதழ் கேட்டு நான்கு தடவை வந்தாள். ஐந்து வருடம் வேலை பார்த்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் படிவத்தில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் நான் என்ன எழுத? அதனால் எழுதவில்லை. அது இல்லாததால்தான் நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதாகிவிட்டது.

இப்போது பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். பள்ளி வாசலிலேயே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, நான் அங்கே போவதில்லை. நம் பழைய ஆள், நாம்தானே ஆதரிக்கவேண்டும். போனவாரம் முன்னாலும் பின்னாலும் எடுக்கச் சொல்லி நாற்பது தாள் கொடுத்தேன். எடுத்து, வரிசை சரிபார்த்து, ஓரம் தட்டி, இரண்டு கையாலும் தந்தாள். “இங்க உள்ள மெஷின் அடிப்படையா, ப்ரோவா?” என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். அவள் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தாள். முன்னைப்போலச் சிரிப்பதில்லை. மனதில் குற்றம் இருந்தால் அப்படித்தான்.

உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பயிற்றுநர் வேலை என்கிறீர்கள். நிரந்தரமா? அப்படியானால் யோசியுங்கள். வேலை தெரியாதவள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் ஏற்றித் தந்த இந்த மூன்றும் இன்றுவரை ஒரு நாள்கூட நின்றதில்லை. ஆனால் கை சுத்தமில்லை.

என் வார்த்தையை மட்டும் நம்பவேண்டாம். கொஞ்சம் இருங்கள். இந்தச் சாவி எப்போதும் இடறும்... திறந்துவிட்டது. இதோ, இதுதான் அவள் திருடிய பெட்டி. உங்கள் கையில் தரமாட்டேன், என் கையில் இருக்கும்போதே பாருங்கள். சந்தனம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, மற்றபடி வந்த அன்று இருந்த மாதிரியே. இங்கே பாருங்கள், சீல். எப்படி மின்னுகிறது. மூன்று வருடம் ஆயிற்று, ஓரம்கூடத் தூக்கவில்லை. நான் பொருளைப் பாதுகாக்கிற விதம் அப்படி. இந்தப் பள்ளியில் என் சாவியைத் தாண்டி எதுவும்...

என்ன சார்?

புரியவில்லை. இன்னொரு தடவை கேளுங்கள்.

ஆமாம், பிரிக்கவில்லை. யாருமே பிரிக்கவில்லை. சாவி என்னிடம்தானே இருக்கிறது. ஆமாம். அவளிடம் கொடுத்ததே இல்லை.

அதனால் என்ன?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டட்டுமா? உங்களுக்கு வியர்க்கிறது. இல்லை, எனக்குத்தான் போலிருக்கிறது.

நீங்கள் கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் திருடியிருப்பாள், இந்த மூன்றிலும் அப்படியானால் ஓடுகிறது எது. அதுதானே? கேட்கலாம். தமிழாசிரியர், எதையும் வரிக்கு வரி பார்த்துப் பழகியவர். ஆனால் நான் முதலிலேயே சொன்னேனே, நீங்கள் கவனிக்கவில்லையா? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்றேன். நான் எது இல்லை என்றும் சொன்னேன்.

அந்தக் கத்தரிக்கோலை இப்படித் தள்ளுங்கள். உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. பரவாயில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன்.

நல்ல பசை. நகத்தால் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. இப்போது வருகிறது.

இவ்வளவுதானா உள்ளே? சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நான் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இதோ பாருங்கள் சார். சீல் பிரிந்திருக்கிறது. கிழிந்த ஓரம்கூட இருக்கிறது, பாருங்கள். நீங்கள் வந்தபோது நான் பீரோவிலிருந்து எடுத்துக் காட்டியது இந்தப் பெட்டிதான், இந்த நிலையில்தான். அறையில் நாம் இரண்டு பேர். உங்கள் தாளாளரும் எங்கள் தாளாளரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள். நீங்கள் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம். உங்களுக்கு இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது? பதினாறா? நீண்ட காலம்.

ஸ்டாக் பதிவேட்டைத் திறந்திருக்கிறேன். ‘பெட்டி சீல் பிரிக்கப்பட்ட நிலையில் உள்ளது, நேரில் பார்த்தேன்’ என்று ஒரு வரி. கீழே உங்கள் பெயர், தேதி. பிறகு உங்கள் தாளில் ‘நடத்தை’ என்கிற இடத்தில் நான் எழுதித் தருகிறேன், நீங்கள் நான்கரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

என்ன, உங்கள் பேனா எழுதவில்லையா? இந்தாருங்கள், என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள்.